லட்லோவா, சிப்பிங் கேம்ப்டனா? அப்பாவோடு இரண்டு நாள் நடக்க எந்தச் சந்தை ஊர் ஏற்றது?

பர்மிங்ஹாம்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பர்மிங்ஹாமில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். வரும் மே மாதக் கடைசியில் என் அப்பா ஊரிலிருந்து வருகிறார். அவருக்கு 66 வயது. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மழை பெய்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். சென்ற முறை வந்தபோது லண்டனில் கோட்டை, பாலம், அரண்மனை என்று எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ராஜாக்கள் இருந்த இடம். ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து விற்று வாங்கிய இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை.

அதனால் இந்த முறை பழைய சந்தை ஊர் ஒன்றில் இரண்டு இரவு தங்கி, ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் அவரோடு நடக்கலாம் என்று நினைக்கிறேன். தேடிப் பார்த்ததில் ஷ்ராப்ஷையரில் உள்ள லட்லோவும், காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் உள்ள சிப்பிங் கேம்ப்டனும் கடைசியாக நின்றன. என்னிடம் கார் இல்லை. இன்னொரு தயக்கமும் உண்டு. நடைபாதை வரைபடங்களில் பாதை பல இடங்களில் யாருடைய வயலுக்குள்ளோ, சில இடங்களில் வீட்டுத் தோட்டத்தை ஒட்டியோ போகிறது. அப்படிப் போனால் உரிமையாளர் வந்து கேட்க மாட்டாரா? அப்பாவுக்கு அந்த மாதிரிச் சங்கடம் நேரக்கூடாது. நடந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டீம்நதிக்கரை எழுதியது:

உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு லட்லோதான் நேரான பதில். முதலில் போக்குவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சிப்பிங் கேம்ப்டனில் இப்போது ரயில் நிலையம் இல்லை. லட்லோவுக்கு நியூ ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறி ஷ்ரூஸ்பரியில் மாறினால் போதும். இறங்கிய இடத்திலிருந்து சந்தைச் சதுக்கத்துக்கு மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம்கூட ஆகாது.

புறப்படும் முன் அவரிடம் ஒரு செய்தியைச் சொல்லி வையுங்கள். ஆசிரியராக இருந்தவருக்குப் பிடிக்கும். 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் என்ற சட்ட அறிஞரின் பெயரில் வழங்கிய நூலில், ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடியது 20 மைல். அதை மூன்றாகப் பங்கிட்டால், ஒரு பங்கு நேரம் சந்தைக்குப் போவதற்கு, ஒரு பங்கு விற்று வாங்குவதற்கு, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதற்கு. ஆக, ஆறு மைலும் அதன்மேல் மூன்றில் இரண்டு பங்கும், அதாவது ஏறக்குறைய 10.7 கிலோமீட்டர். அதற்குள் புதிதாக வேறு சந்தை கூடினால் அது பழைய சந்தையின் வயிற்றில் அடிப்பதாகக் கொள்ளலாம் என்பது வாதம். எல்லா ஊரும் அந்த அளவுக்குள் அடங்கிவிடவில்லை என்றாலும், இந்த ஊர்கள் காலால் அளந்து போடப்பட்டவை என்பது அந்தக் கணக்கில் தெரிகிறது. அதனால் இவற்றை நடந்துதான் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

லட்லோவில் இறங்கியதும் எல்லோரையும் போலக் கோட்டைக்கு ஓடாதீர்கள். கோட்டை வாசலுக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் சந்தை கூடும். அந்த நாள்களில் ஒன்றாகப் பார்த்துப் போங்கள். பாலாடைக்கட்டி விற்பவரிடம் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, சதுக்கத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பாருங்கள். தேவாலயத்துக்குத் தெற்கே நாலைந்து தெருக்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இணையாகப் போகும். அவற்றில் ஹார்ப் லேன் போன்ற சில, இருவர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் அளவுக்குக் குறுகலானவை. 12ஆம் நூற்றாண்டில் ஊரைத் திட்டமிட்டுப் போட்டபோது அங்கே இவ்வளவு தெரு இல்லை. கோட்டையிலிருந்து இன்று பட்டர்கிராஸ் என்னும் மண்டபம் நிற்கும் இடம் வரை ஒரே அகலமான சந்தைவெளியாக இருந்தது. காலையில் போட்டு மாலையில் பிரித்த கடைகள் நாளடைவில் பிரிக்காமலே நின்றன. பிறகு கூரை வந்தது, சுவர் வந்தது, மாடியும் வந்தது. நம் ஊர்க் கடைவீதியில் பந்தல் போட்டவர் பத்தாவது வருடம் கதவு வைத்துப் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கடைகளுக்கு இடையே ஆள் போக விட்ட இடுக்குகள்தான் இன்று பெயர்ப்பலகையோடு நிற்கும் அந்தத் தெருக்கள்.

பட்டர்கிராஸ் 1740களில் எழுந்த கல்மண்டபம். கீழே தூண்களுக்கு இடையே வெண்ணெய் விற்றார்கள். மேல்மாடியில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி நடந்தது. அதன் பின்பக்கமாகப் போனால் புனித லாரன்ஸ் தேவாலயம். 135 அடி உயரக் கோபுரத்தில் சுமார் 200 படிகள் உண்டு. அப்பா ஏறுகிறேன் என்பார், அவர் விருப்பம். நான் அவசியம் பார்க்கச் சொல்வது பலிபீடத்துக்கு முன்புறம் பாடகர்கள் அமரும் பகுதியில் இருக்கும் 28 மர இருக்கைகளை. இருக்கைப் பலகையைத் தூக்கினால் அடியில் சிறிய தாங்கி ஒன்று இருக்கும். நெடுநேரம் நின்றபடி வழிபாடு நடத்த வேண்டியிருந்த குருமார்கள் உட்காராமல், ஆனால் உட்கார்ந்தது போல, அதில் சாய்ந்துகொள்வார்கள். அந்தத் தாங்கிகளின் கீழே 15ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் தங்கள் மனதில் பட்டதையெல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில், அளவில் குறைத்து விற்ற பீர்க்காரி ஒருத்தியைப் பேய் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு நரகத்தின் திறந்த வாய்க்குத் தூக்கிப் போகிறது. அவள் கையில் அந்தக் கள்ள அளவைக் குவளை அப்படியே இருக்கிறது. இன்னொரு பேய் அவள் குற்றப்பட்டியலைச் சுருளில் வாசிக்க, மற்றொன்று பைக்குழல் ஊதுகிறது. படியளப்பில் கைவைத்தவளுக்கு ஊரார் எழுதிய தீர்ப்பு அது. ராஜாக்கள் இல்லாத வரலாற்றைக் கேட்டவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

கோட்டையை அதற்குப் பிறகு பாருங்கள். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி லேசி குடும்பத்தார் தொடங்கியது. உள்முற்றத்தில் வட்டமாகக் கட்டிய சிறு வழிபாட்டுக்கூடம் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. இங்கிலாந்தில் அந்த வடிவம் அபூர்வம். ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502 ஏப்ரலில் 15 வயதில் இறந்தது இங்கேதான். அவர் பிழைத்திருந்தால் தம்பி எட்டாம் ஹென்றி அரியணை ஏறியிருக்க மாட்டார்; மற்றதை அப்பாவே உங்களுக்குப் பாடமாக நடத்துவார்.

பகலுணவுக்குப் பின் நடக்க வேண்டிய வழி இது. கோட்டை மதிலை ஒட்டி டினம் தெருவில் இறங்கி டீம் நதியின் பாலத்தைக் கடந்து, எதிர்க்கரையில் விட்கிளிஃப் என்னும் பொதுநிலத்துக்கு ஏறுங்கள். ஏற்றம் செங்குத்து, ஆனால் சிறியது. ஊரார் ஆடுமாடு மேய்த்ததும், மதிலுக்கும் வீட்டுக்கும் கல் வெட்டியதும் அந்த மேட்டில்தான். அங்கே நின்றால் கோட்டையும் கோபுரமும் கூரைகளும் ஒரே கையில் அடங்குவது போலத் தெரியும். எந்தக் குழியிலிருந்து எந்த ஊர் எழுந்தது என்பதை இப்படி ஒரே பார்வையில் காட்டும் இடம் அதிகம் இல்லை.

இறங்கி வரும்போது ஆற்றோரமாகத் தெற்கே போகும் பாதைக்கு 'பிரெட் வாக்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை அமைத்த கூலியாள்களுக்குக் காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று கூலியை ரொட்டியாகக் கொடுத்தார்கள் என்பது ஊரில் வழங்கும் கதை. ஆற்றங்கரை, மண்வேலை, கூலிக்குத் தின்பண்டம் என்று கேட்டதும் எனக்குப் புட்டுக்கு மண் சுமந்த கதைதான் நினைவுக்கு வந்தது. இங்கே பிரம்படி பட்டவர் யாரும் இல்லை. அந்தப் பாதை லட்ஃபோர்டு பாலத்தில் முடியும். பாலத்தருகே சாலையோரப் பாறையில் மெல்லிய அடுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். பழங்கால மீன்களின் செதிலும் முள்ளும் படிந்த, 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவு. மர்ச்சிசன் என்ற நிலவியலாளர் 1830களில் பூமியின் வரலாற்றில் சைலூரியன் என்னும் காலப்பகுதியை வகுத்தபோது இந்தப் பகுதியின் பாறைகளைத்தான் ஆராய்ந்தார். சேகரிப்பாளர்கள் சுரண்டிச் சுரண்டி அந்த அடுக்கு உள்ளே குழிந்துபோயிருக்கிறது. இப்போது சுத்தியல் எடுக்கத் தடை.

பாலத்தைக் கடந்து நேரே மேலே ஏறினால் ஊர்மதிலின் வாயில்களில் எஞ்சி நிற்கும் ஒரே வாயிலான பிராட் கேட் வரும். அதன் தலைமேலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அந்த வளைவுக்குள் நுழைந்து பிராட் ஸ்ட்ரீட்டில் நடப்பவர், சந்தைக்குக் கூடையோடு வந்தவர் நடந்த அதே வழியில் பட்டர்கிராஸை நோக்கி ஏறுகிறார். இருபுறமும் வீடுகளின் முகப்பு குறுகியதாகவும் பின்கட்டு நீண்டதாகவும் இருக்கும். தெருவைப் பார்த்த முகப்புக்குத்தான் போட்டி. கொல்லை எவ்வளவு நீண்டாலும் யாரும் கேட்கவில்லை. செங்கல் முகப்பைக் கண்டு ஏமாறாதீர்கள். பல வீடுகளில் அது 18ஆம் நூற்றாண்டில் போட்ட மேற்சட்டை, உள்ளே பழைய மரச்சட்டம் அப்படியே இருக்கிறது. இந்தச் சுற்று முழுவதும் மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அரை நாளை ஒதுக்குங்கள்.

கம்பளிமூட்டை எழுதியது:

லட்லோவின் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் சிப்பிங் கேம்ப்டனை ரயில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடுவது நியாயமல்ல. 'சிப்பிங்' என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் சந்தை என்று பொருள். ஊரின் நடுவே 1627இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற பெருவணிகர் கட்டிக்கொடுத்த சந்தைக்கூடம் இன்றும் நிற்கிறது. அதற்குள் போய் நின்று கீழே பாருங்கள். தரைக்கற்கள் நானூறு ஆண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்து, சமமான இடம் ஒன்றுகூட இல்லை. ஒரு குவளையை வைத்தால் சாயும். தேவாலயத்தில் 1401இல் இறந்த வில்லியம் கிரெவல் என்பவரின் கல்லறையில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். 'இங்கிலாந்துக் கம்பளி வணிகர்கள் அனைவரிலும் மலர்' என்று அதில் பொறித்திருக்கிறது. ஆட்டு மயிர் விற்ற ஒருவரைப் பூ என்று புகழ்ந்த ஊர் அது.

காட்ஸ்வோல்ட் வே என்னும் தேசிய நடைவழி இந்த ஊரில் தொடங்கி 102 மைல் ஓடி பாத் நகரில் முடிகிறது. முதல் நாள் பகுதியை மட்டும் நடந்தால் போதும். ஒரு மைல் தூரத்தில் டோவர்ஸ் ஹில் என்ற மேடு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் டோவர் என்பவர் அங்கே 'ஒலிம்பிக்' என்ற பெயரில் விளையாட்டு விழா நடத்தினார். எதிராளியின் கெண்டைக்காலை உதைத்துச் சாய்க்கும் போட்டி அதில் உண்டு. காலில் வைக்கோல் திணித்துக்கொண்டு இன்றும் உதைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து மேட்டிலேயே நடந்து, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அழகுக்காகவே கட்டிய பிராட்வே கோபுரத்தைப் பார்த்துவிட்டு, பிராட்வே ஊருக்கு இறங்கலாம். மொத்தம் ஆறு மைல். டீம்நதிக்கரை சொன்ன அந்தச் சந்தைக் கணக்குக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

பேருந்தைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மோர்ட்டன்-இன்-மார்ஷ் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு, ஆனால் மாலையில் சீக்கிரமே முடிந்துவிடும். நான் ஒரு முறை பிராட்வேயில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து இன்னொரு துண்டு கேக்குக்கு ஆசைப்பட்டுக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டேன். வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தில் அந்தக் கடையில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்கலாம்.

வேலியோரம் எழுதியது:

எந்த ஊர் என்பதை இருவரும் பேசி முடியுங்கள். வயலுக்குள் போகலாமா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனெனில் வந்த புதிதில் எனக்கும் அதே கூச்சம் இருந்தது. 'பொது நடைபாதை' என்ற கைகாட்டி வயலுக்குள் காட்டிக்கொண்டு நிற்கும். எனக்கோ யாரோ ஒருவருடைய காணிக்குள் களவாகப் போவது போல நெஞ்சு படபடக்கும்.

படபடக்க வேண்டியதில்லை. நிலம் அவருடையது, அதன் குறுக்கே நடந்து போகும் உரிமை எல்லோருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிச் சுமார் 1,40,000 மைல் வழியுரிமைப் பாதைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை, ஆள்கள் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் ஆலைக்கும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள்தாம். 1949ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வ வரைபடமாகப் பதியும் பொறுப்பைக் கவுண்டி (மாவட்ட அளவிலான) மன்றங்களுக்குக் கொடுத்தது. பதிவான பாதையை உரிமையாளர் தன் விருப்பத்துக்கு மூடவோ திருப்பவோ முடியாது. வயலின் குறுக்கே போகும் பாதையை விதைப்புக்காக உழுதால்கூட 14 நாள்களுக்குள் மறுபடி நடக்கத்தக்கதாக்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே உங்கள் அப்பா நடுவயலில் நிமிர்ந்து நடக்கலாம். பாதையை விட்டு விலகி வயலில் உலாவுவதற்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

வழி தெரிய, பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடத்தை வாங்குங்கள். அது 1:25,000 அளவு. அதில் வயல் வேலிகள்வரை தெரியும், நடைபாதை பச்சைக் கோடுகளாக விட்டுவிட்டு வரும். இளஞ்சிவப்பு அட்டை போட்டது 1:50,000. நடக்கிறவருக்கு அது போதாது. கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால், வேல்ஸ் எல்லைப்புற மலைகளில் சமிக்ஞை கிடைக்காத பள்ளங்கள் நிறைய உண்டு. தரையில் மஞ்சள் அம்பு நடைபாதையையும், நீல அம்பு குதிரையும் போகக்கூடிய பாதையையும் காட்டும். தேசிய நடைவழி என்றால் ஓக் மரத்தின் கொட்டை ஒன்று சின்னமாக இருக்கும்.

வேலிகளில் ஏறிக் கடக்கப் பலகை வைத்திருப்பார்கள். ஆடுமாடு போகாமல் ஆள் மட்டும் போக வைத்த வழி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வேலியில் இருந்த கடப்பை முதன்முதலில் இங்கே வேறு உருவில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அம்மம்மா சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு அதைத் தாண்டும் லாவகம் எனக்கு இன்னும் வரவில்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு அடுத்தடுத்து பத்துக் கடப்பு ஏறி இறங்குவது தூரத்தைவிடச் சிரமம். அதையும் கணக்கில் வையுங்கள். திறந்திருந்த படலையைத் திறந்தபடியும், சாத்தியிருந்ததைச் சாத்தியும் விட்டுப் போங்கள்.

மே மாதக் கடைசியில் மாடுகள் கன்றுகளோடு வயலில் நிற்கும். நம் ஊர் மாட்டை நினைத்துக்கொண்டு அப்பா கழுத்தைத் தடவப் போய்விடக் கூடாது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நடக்காதீர்கள். அவை வழியை மறித்து நின்றால் பாதையை விட்டுச் சுற்றிப் போவதில் தவறில்லை.

பர்மிங்ஹாம்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அந்தச் சந்தைத் தூரக் கணக்கைத் தொலைபேசியில் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். உடனே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, "மணிக்கு இரண்டரை மைல் வீதம் எட்டு மணி நேரம் நடந்தால் இருபது மைல், சரியாகத்தான் இருக்கிறது, சுமையோடு போனால் இரண்டு மைல்தான் வரும்" என்று திருத்தமும் சொன்னார். பேருந்துக் கதையைக் கேட்டபின் கேம்ப்டனை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு லட்லோவையே முடிவு செய்கிறேன். அப்பாவுக்கு முழங்காலில் லேசான வலி உண்டு, ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே இரண்டாம் நாளுக்கு மார்டிமர் டிரெயில் என்ற நெடுவழியில் கொஞ்ச தூரம் போகலாமா, அல்லது சமதரையாக வேறு ஏதும் இருக்கிறதா?

டீம்நதிக்கரை எழுதியது:

மார்டிமர் டிரெயில் லட்லோவில் தொடங்கி 30 மைல் ஓடி கிங்டன் வரை போகும். அருமையான வழிதான், ஆனால் ஒரு முகட்டில் ஏறி இறங்கி அடுத்த முகட்டுக்குப் போவதே அதன் வேலை. முழங்கால் வலியை மறைக்கிறவரை அதில் கூட்டிப்போகாதீர்கள்.

அதற்குப் பதிலாக ரயிலில் வடக்கே ஒரே ஒரு நிலையம் போய் கிரேவன் ஆர்ம்ஸில் இறங்குங்கள். அங்கிருந்து தெற்கே ஒரு மைலுக்குள் நடந்தால் ஸ்டோக்சே கோட்டை. பெயர்தான் கோட்டை, உண்மையில் அது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் லட்லோவைச் சேர்ந்த லாரன்ஸ் என்ற கம்பளி வணிகர் கட்டிக்கொண்ட வீடு. கொத்தளம் வைத்துக்கொள்ள 1291இல் முதலாம் எட்வர்டு மன்னரிடம் அனுமதியும் வாங்கினார். மன்னருக்கே கடன் கொடுத்த மனிதர். 1294இல் கம்பளிக் கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தார். அவருடைய பெரிய கூடத்தின் நடுவில் எண்கோணமாக அடுப்புமேடை ஒன்று இருக்கிறது. புகை போகக் குழாய் வைக்கவில்லை. கூரையில் ஏறிப் படிந்ததுதான், உத்தரங்களை அண்ணாந்து பார்த்தால் இன்றும் கருமை தெரியும். முற்றத்துக்கு நுழையும் மஞ்சள் பூசிய மர வாயில்மாடம் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. முதல் நாள் வணிகர்கள் விற்ற இடத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அந்தப் பணத்தில் எழுந்த வீட்டைப் பார்க்கும் வரிசை அப்பாவுக்குப் பொருந்தும்.

இன்னும் ஒன்று. புனித லாரன்ஸில் அந்த இருக்கைகள் இருக்கும் பகுதியில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். சுற்றிப் பார்க்க முடியாது. சனிக்கிழமை சந்தையை முடித்துக்கொண்டு நேரே அங்கே போய்விடுங்கள். பீர்க்காரியின் சிற்பம் எந்த வரிசையில் என்று உள்ளே இருக்கும் தன்னார்வலரைக் கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுவார். நான் போன நாளில் காட்டிய பெரியவர், பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குவளையின் கைப்பிடியை விரலால் தொடாமல் சுட்டினார்.